போர் வேண்டாம், மெட்ரோ வாட்டர் போதும்

தமிழ்நாட்டில் பத்தாவது பரீட்சை எழுதிய யாருக்காவது தவளையின் இரைப்பை எங்கே இருக்கிறது என்று இன்னமும் ஞாபகம் இருந்தால், அதில் சாருலதாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. தி.நகரில் ஒரு நோட்ஸ் கம்பெனிக்கு இருபது வருஷத்துக்கு மேலாக அவள்தான் படம் போட்டுக்கொடுத்தாள். தவளை, மண்புழு, கரப்பான்பூச்சி, மனிதக் காது. மனிதனை முழுசாக வரையச் சொல்லி யாரும் கேட்டதில்லை. காதாகவும் சிறுநீரகமாகவும்தான் கேட்டார்கள். மந்தைவெளியில் மூன்றாவது மாடி பிளாட்டில், சாப்பாட்டு மேஜையின் பாதியை இந்த உறுப்புகள் அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் அவள் கணவன் வெங்கடரமணன் தட்டை வைத்துக்கொள்வான். கரப்பான்பூச்சியின் குடலைப் பார்த்துக்கொண்டே சேவை சாப்பிட அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

அவளுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. பேட்டைக்குள் வாராவாரம் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் 'குளக்கரைச் செய்தி' பத்திரிகையில், மூன்றாம் பக்கம், நாலு கட்டத்தில் ஒரு கார்ட்டூன் வரைவாள். பெயர் 'ரெட்டைக் கிணறு'. அடுத்தடுத்து இரண்டு கிணறு. ஒன்றில் ராஜா கிழக்குத் தொந்தி, இன்னொன்றில் ராஜா மேற்குத் தொந்தி. இருவருக்கும் அச்சு அசலாக ஒரே தொந்திதான். நோட்ஸுக்குப் போட்ட தவளையை டிரேஸ் எடுத்து, ஒருவருக்கு மட்டும் மீசை ஒட்டியிருந்தாள். எந்தக் கிணற்றிலிருந்து தெரிகிற வானம் பெரிது என்பதுதான் அவர்களுக்குள் தகராறு. கார் நிறுத்துகிற இடத்துக்கும் சபா டிக்கெட்டுக்கும் அடித்துக்கொள்கிற பேட்டையில் இது நன்றாகவே எடுபட்டது. யாருக்கும் கோபம் வரவில்லை. தொந்தி எதிர்வீட்டுக்காரருடையது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் எல்லையில் சண்டை வந்தது.

வெங்கடரமணன் போருக்குக் கிளம்பிவிட்டான். சாய்வு நாற்காலியின் கால்பலகையை நீட்டிக்கொண்டு, வலது கையில் ரிமோட், இடது கையில் கைபேசி, மடியில் ஒரு கிண்ணம் ஓமப்பொடி. டீவியில் நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள். எதிரியின் துறைமுகம் தீர்ந்தது, தலைநகரம் தீர்ந்தது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டே இருந்தது. படித்து முடிப்பதற்குள் அவன் அதை முப்பது பேருக்கு அனுப்பிவிடுவான். பாத்ரூமில் பல்லியைப் பார்த்தால் துண்டோடு வெளியே ஓடிவருகிற மனுஷன்.

"சாரு, இந்தத் தடவை விடவே கூடாது. உள்ள பூந்து அடிக்கணும்," என்றான்.

"யாரு பூந்து? நீயா?"

"நான்னா நானா? நாம."

"அந்த 'நாம'ல நீ எந்தப் பக்கம்னு கேக்கறேன். ஓமப்பொடி தீந்துபோச்சு, அதுக்கே மாடியெறங்கிப் போக மாட்டேங்கற."

அவன் சத்தத்தைக் கூட்டிவைத்தான்.

சமையலறையில் இன்னொரு போர்ச் செய்தி வந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் சமையல் வேலை பார்க்கும் தாயம்மாவின் மகன் பாலு ராணுவத்தில் இருந்தான். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது குடும்பத்தைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குத் தூக்கிப் போட்டார்கள். அங்கிருந்து தாயம்மா இரண்டு பஸ் மாறி மந்தைவெளிக்கு வந்துபோனாள். மகன் போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டு, உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவாள்.

"கை வெரலு மரத்துப் போவுதும்மா. தூக்குல சூடா ரசம் ஊத்தி அனுப்பேன்," என்றது போன்.

"எந்த எடத்துலடா கீற?"

"சொல்லக் கூடாதும்மா."

"எந்த எடம்னு தெரியாம எங்கடா அனுப்புறது? தூக்கு ஒண்ணுதான் ஊட்டுல கீது, அதுவும் போயிடும்."

பாலு சிரித்தான். மேஜையில் உட்கார்ந்திருந்த சாருலதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தாள்.

அந்த வாரம் 'ரெட்டைக் கிணற்'றில் புதிதாக ஒரு சிப்பாய்த் தவளை வந்தான். பெயர் ஒல்லி. இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். துப்பாக்கி இருக்க வேண்டிய தோளில் தூக்குவாளி. கிழக்குத் தொந்தி மேடையேறி முழங்குகிறார்: "கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை போரிடுவோம்!" ஒல்லி கையைத் தூக்கிக் கேட்கிறான்: "யாரோட ரத்தம், ராஜா?" ராஜா பல்லைக் கடிக்கிறார்: "குறுக்கே பேசாதே, நேரலை போய்க்கொண்டிருக்கிறது."

பத்திரிகை வாசலில் விழுந்த அன்று காலையே பரத்வாஜ் கூப்பிட்டான். குளக்கரைச் செய்தியின் முதலாளி, ஆசிரியர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் அவன்தான். கச்சேரி ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் ஒரு அறையில் ஆபீஸ். நூலகக் கூட்டங்களில் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் இறங்க மாட்டான்.

"மேடம், நகைக்கடைலேர்ந்து போன். டியூஷன் சென்டர்லேர்ந்து போன். இந்த நேரத்துல இதெல்லாம் தேவையான்னு கேக்கறா."

"எந்த நேரத்துல போட்டாத் தேவலையாம்?"

"அமைதியா இருக்கற நேரத்துல போர் வேண்டாம்னு எழுதினா யாரு வேண்டாங்கறா? இப்பப் போய் எழுதினா? எனக்குத் தனிப்பட்ட முறையில ஆட்சேபணையே இல்லை, நான் சுதந்திரத்தோட பக்கம். ஆனா போர்ங்கற வார்த்தை மட்டும் வரப்படாது. சிப்பாய், எல்லை, ரத்தம், இதுவும் வேண்டாம். தியாகம் வரலாம், ஆனா காமெடியா வரப்படாது."

வெங்கடரமணனும் சேர்ந்துகொண்டான். "நம்ம ஆபீஸ் குரூப்ல ஒருத்தன் இதை அனுப்பி, 'இது யாரோட வேலை'ன்னு கேக்கறான், சாரு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். கொஞ்ச நாளைக்குக் காபி, மழை, ஏதாவது போடேன்."

மழைக்கு அப்போது வழியே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. குடியிருப்பில் தண்ணீர் வற்றிக்கொண்டு வந்தது. சங்கச் செயலாளர் சுப்பராமன், சுங்கத்துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், மூன்றாவதாக ஒரு ஆழ்துளைக் கிணறு தோண்டியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். லிப்டுக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'புது போர் போடுவது பற்றி ஞாயிறன்று கூட்டம். அனைவரும் ஆதரவு தருக.'

சாருலதா தரைத்தளத்தில் ஏறியவள், தன் மாடி வந்தும் இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த இதழில் இரண்டு கிணறும் வற்றியிருந்தன. கிழக்குத் தொந்தி, "போர் போடு!" என்கிறார். மேற்குத் தொந்தி, "அவனைவிட ஆழமாகப் போர் போடு!" என்கிறார். மூன்றாம் கட்டத்தில் இருவருமே முன்னூறு அடி போயும் சொட்டுத் தண்ணீர் இல்லை, கிணற்றடியில் சேறு பூசிய தவளைகள் குவிந்து கிடக்கின்றன. நாலாவது கட்டத்தில் ஒல்லி தூக்குவாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: "போர் வேண்டாம், மெட்ரோ வாட்டர் போதும்."

பரத்வாஜ் அதை நாலைந்து தடவை படித்தான்.

"மேடம், இது போர்வெல்தானே?"

"பின்னே?"

"சத்தியமா?"

"ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதான், பரத்வாஜ். தமிழைக் கண்டுபிடிச்சவாகிட்ட கேளு."

அவன் அச்சுக்கு அனுப்பிவிட்டான். பேட்டைக்குப் புரிந்துவிட்டது. லஸ் பக்கத்துக் காய்கறிக் கடையில் தராசுக்குப் பின்னால் அதை வெட்டி ஒட்டியிருந்தார்கள். குடியிருப்பின் லிப்டிலும் யாரோ சுப்பராமனின் அறிவிப்புக்கு மேலேயே ஒட்டிவிட்டார்கள்.

சுப்பராமனுக்குப் புரியவில்லை. அதாவது, பேட்டையிலேயே அவர் ஒருவர்தான் அதை உண்மையாகவே ஆழ்துளைக் கிணறு பற்றிய கார்ட்டூன் என்று எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பாதிப்பேர் கையைத் தூக்கி, "போர் வேண்டாம், மெட்ரோ வாட்டர் போதும்," என்று சிரித்துக்கொண்டே சொல்ல, தீர்மானம் தோற்றது. குழாய் போடுகிறவனிடம் முன்கூட்டியே பேசி முடித்துவைத்திருந்த மனுஷன். திங்கட்கிழமை யாரோ அவருக்குக் கார்ட்டூனின் இன்னொரு அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பிராணன் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை போலீஸில் புகார் கொடுத்துவிட்டார், தேசத்துரோகம் என்று.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாள், தென்காசிப் பக்கத்துக்காரர், பத்திரிகையை மேஜையில் விரித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் சாருலதா, இன்னொரு பக்கம் சுப்பராமன். வெங்கடரமணன் வண்டிக்குக் காவல் இருப்பதாகச் சொல்லி வெளியிலேயே நின்றுவிட்டான்.

"வெளக்கம் சொல்லுங்கம்மா. மொதக் கட்டம்."

"ராஜா போர் போடச் சொல்றார்."

"எந்தப் போரு?"

"போர்வெல்."

"ரெண்டாவது?"

"பக்கத்துக் கிணத்து ராஜாவும் போடச் சொல்றார்."

"இதுல சிரிப்பு எங்க இருக்கு?"

"நாலாவது கட்டத்துல இருக்கு, மேடம்."

"வரட்டும். மூணாவது?"

தான் வரைந்த தவளையைப் போலவே நாலு காலிலும் குண்டூசி குத்தி மல்லாத்திப் போட்டதுபோல் இருந்தது சாருலதாவுக்கு. தன் ஜோக்கைக் கட்டம் கட்டமாகத் தானே அறுத்துக் காட்டுவதைவிட லாக்கப்பே தேவலை என்று தோன்றியது. நாலாவது கட்டத்தை அவள் சொன்னபோது பின்னால் நின்ற ஏட்டு மட்டும் களுக்கென்று சிரித்து, பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார்.

சுப்பராமன் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "மேடம், இவ பொய் சொல்றா. இது போர்வெல்லே இல்லை, யுத்தம்! அந்த மீசை இல்லாத தவளை யாருன்னு ஊருக்கே தெரியும்!"

"யாரு சார்?"

"நம்ம..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பேச்சியம்மாள் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். நம்ம யாரைத் தவளங்குதீய?"

"நான் சொல்லலை. அவ சொல்றா."

"அவங்க போர்வெல்லுன்னுல்லா சொல்லுதாங்க? தவளன்னு ஆளைச் சொன்னது நீங்க. பேரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எடுத்துக்கிடுதேன்."

சுப்பராமன் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீரைக் குடித்து முகம் சுளித்தார்.

"போர் தண்ணி சார், உப்பாத்தான் இருக்கும்," என்றார் பேச்சியம்மாள். பிறகு சாருலதா பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஏம்மா, எனக்குப் புரியாம இல்ல. அடுத்தவாட்டி இதவிடப் பெரிய எடத்துலருந்து கேப்பாங்க, அப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்கு உங்க தவளையத் தூங்க விடுங்க."

சாருலதா தலையாட்டினாள். வெளியே வந்ததும் கைப்பைக்குள் கையை விட்டு எதையோ தேடுகிற மாதிரி பாவனை பண்ணினாள். வெங்கடரமணன் பார்த்துவிட்டான். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவன் யுத்தம் பற்றிப் பேசவில்லை, தானே இறங்கிப் போய் இளநீர் வாங்கிவந்தான்.

பரத்வாஜ் கார்ட்டூனைத் தூக்கிவிட்டான். அந்த இடத்துக்கு ஞாபகசக்திப் பயிற்சி வகுப்பு விளம்பரம் வருவதாக இருந்தது. விளம்பரக்காரர்கள் அனுப்ப மறந்துவிட்டார்கள். இதழ் வந்தபோது மூன்றாம் பக்கத்தில் 'ரெட்டைக் கிணறு' என்ற தலைப்பும் கீழே நாலு வெள்ளைக் கட்டமும்தான் இருந்தன. சாருலதாவுக்கு வாழ்க்கையில் இவ்வளவு பாராட்டு வந்ததில்லை. "போருக்கப்பறம் ஒருத்தரும் மிச்சமில்லைங்கறதை என்னமாக் காட்டிட்டேள்!" என்று மாட வீதியில் ஒரு பேராசிரியர் கையைப் பிடித்துக்கொண்டார். வரைந்தபோதெல்லாம் கிடைக்காத பேர் வரையாமல் கிடைத்ததில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்தக் கோபத்தில்தான் கடைசிப் பாகத்தை வரைந்தாள். பத்திரிகை வேண்டாம், போட்டோ எடுத்து போனில் அனுப்பிவிடுவது என்று முடிவு. இரண்டு ராஜாவும் தோண்டிய குழிக்குள் ஒல்லி தலைகுப்புற விழுந்துவிடுகிறான். தூக்குவாளி மட்டும் மேலே. இரண்டு ராஜாவும் வந்து அந்தத் தூக்குவாளிக்கு மெடல் குத்திவிட்டு செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். வரைந்து முடித்துப் பார்த்தபோது, தான் வரைந்ததிலேயே இதுதான் சிறந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. மேஜையில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது தாயம்மா கரண்டியோடு மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள்.

"இது எம்புள்ளதான?"

"எது?"

"அவன் மச்சம் கீது. தூக்கு கீது. அன்னிக்கு அவன் போன்ல கேட்டதுதான இது?"

"அது தவளை, தாயம்மா."

காவல் நிலையத்தில் செல்லுபடியான பதில் சமையலறை வாசலில் செல்லவில்லை.

"போலீசுக்கு பதில் சொன்ன, அந்தப் பெருசுக்கு பதில் சொன்ன. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல உனுக்கு? ஒரு வாரமா அவன் போனே வரல. நான் பஸ்ல வர்றப்ப எவனாவது சத்தமாப் பேசுனாக்கூட நெஞ்சு அடிச்சிக்கினு கீது. நீ இன்னாடான்னா அவனைக் குழில போட்டு, அத ஊரு பூரா அனுப்பப்போற."

"நான் யுத்தம் வேண்டாம்னுதான்..."

"வேணாம்னா அவங்களப் போட வேண்டியதுதான? எம்புள்ளய ஏன் போட்ட?"

கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெங்கடரமணன் கிண்டிய உப்புமாவை எதிரி நாட்டின் மேல் போட்டிருந்தால் சண்டை அன்றே முடிந்திருக்கும்.

சாருலதா படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை. ஒரு நாள் காலை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பெருங்குடி தாண்டி, கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் தீர்ந்து, பெரும்பாக்கம் வந்தது. எட்டாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துவிட்டவளுக்கு ஒரு பெண் தண்ணீர் கொடுத்து, "யாரு வூட்டுக்கு?" என்றாள். "பாலுவோட அம்மா," என்று தானாகவே வாயில் வந்தது.

தாயம்மா கதவைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினாள்.

"போன் வந்துதா?"

"வரல."

சாருலதா சுருளைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேக்காமப் பண்ணினது தப்பு, தாயம்மா. நீ சொல்லு, என்ன பண்ணட்டும்? ஒல்லியே வேண்டாம்னா எடுத்துடறேன்."

"எடுக்க வாணாம். நல்லாத்தான் கீறான். அவனுக்கு லீவு குடுத்து ஊட்டுக்கு அனுப்பு."

"அந்த ராஜா குடுக்க மாட்டானே. அவன் அப்படிப்பட்டவன்."

"ராஜா யாரு, நீ வரஞ்சவன்தான? கேக்கலன்னா அவனைத் தள்ளு குழில."

"ராஜாவையா?"

"ரெண்டு பேரையும். ஒரே குழில. தொப்ப மாட்டிக்கினு உள்ளயும் போவாம வெளியவும் வராம நிக்கட்டும். பசங்க அதுக்குள்ள தூக்க எடுத்துக்கினு அவன் அவன் ஊட்டுக்குப் போய்ச் சோறு துன்னட்டும். ரெண்டு பக்கத்துப் பசங்களும்."

சாருலதா சிரிக்க ஆரம்பித்தாள். தாயம்மா சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த நாட்களில் தான் கேட்ட பேச்சிலேயே போலீஸுக்குப் போக வேண்டிய பேச்சு இதுதான் என்று சாருலதாவுக்குத் தோன்றியது. மடியிலிருந்த தாளைத் திருப்பிப் போட்டு அங்கேயே வரைந்தாள். தாயம்மா பின்னால் நின்றுகொண்டு, "தொப்பய இன்னும் பெருசாப் போடு," என்றாள்.

அவள் படத்தை மையிட்டு முடிப்பதற்குள் சண்டை நின்றுவிட்டது. டீவியில் நாலு பேரும் வெற்றி வெற்றி என்று கத்தினார்கள். எதிர்ப்பக்கத்து டீவியிலும் அப்படியே கத்தியிருப்பார்கள். வெங்கடரமணன் நாற்காலியின் கால்பலகையை மடக்கிக்கொண்டு எழுந்து, முதுகு வலிக்கிறது என்றான்.

பரத்வாஜ் ஓடிவந்தான். "மேடம், இப்பப் போடலாம்!" குளக்கரைச் செய்தி 'சமாதானச் சிறப்பிதழ்' கொண்டுவந்தது. முதல் பக்கத்தில் இரண்டு தொந்தியும் குழியில் மாட்டிக்கொண்டு நின்றன, நாலு கட்டத்துக்கு இடம் போதாமல் அரைப்பக்கம். கூடவே 'அடக்குமுறைக்கு அஞ்சாத எங்கள் பயணம்' என்று பரத்வாஜ் எழுதிய தலையங்கம். நூலகத்தில் அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தக் கூட்டத்துக்கு சாருலதாவை அழைக்க மறந்துவிட்டார்கள்.

நோட்ஸ் கம்பெனியிலிருந்து மட்டும் அந்த வருஷம் வேலை வரவில்லை. போன் பண்ணிக் கேட்டபோது, "தவளை சிலபஸ்லேர்ந்து போயிடுத்து மேடம்," என்றார்கள். மண்புழு இருக்கிறதே என்று கேட்டாள். அதையும் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அடையாறில் ஒரு பல் டாக்டரின் சுவருக்குப் பல் வரைந்து கொடுத்து அந்த வருஷத்தை ஓட்டினாள்.

பாலுவின் போன் சண்டை நின்ற பிறகு வந்தது. கனெக்‌ஷனை நிறுத்தி வைத்திருந்தார்களாம். மந்தைவெளிக்கு மறுபடி வரத் தொடங்கியிருந்த தாயம்மா ஒரு கையால் அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பேசினாள். அன்று ஸ்பீக்கரில் போடவில்லை. சாருலதா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

மழைக்காலத்தில் அவன் லீவில் வந்தான். மந்தைவெளி வீட்டுக்கு அம்மாவோடு ஒரு நாள் வந்து மேஜையருகே உட்கார்ந்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நான் இவ்ளோ அசிங்கமாவா கீறேன்?" என்று சிரித்தான். வெங்கடரமணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பீரங்கி என்ன ரகம், இந்த விமானம் என்ன வேகம் என்று கேட்டான். பாலுவுக்குத் தெரியவில்லை. "நீங்களே நல்லா சொல்றீங்க அங்கிள்," என்றான்.

வெங்கடரமணன் எழுந்து போன பிறகு, தாயம்மா காபி கலந்துகொண்டிருக்கும்போது, அவன் தானாகவே ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னான். பக்கத்தில் படுத்திருந்த, விடிந்தபோது இல்லாத பையனைப் பற்றி. குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னான். சாருலதாவின் விரல்கள் மேஜைமேல் பென்சிலைத் தேடின.

"பாலு, இதை நான் வரையலாமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான்.

"வேணாம் ஆன்ட்டி."

"சரி," என்றாள். காபி வந்தது. குடித்தார்கள். அந்த வாரம் ரெட்டைக் கிணற்றில் கொசுவைப் பற்றி ஏதோ போட்டாள். சுமாராகத்தான் இருந்தது.